பயம் காட்டாதீர்கள், பயப்பட விடுங்கள்

பேய் கேம் எப்படி இருக்கும் என்று யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ‘இருட்டுல போயிட்டே இருப்போம் சார். திடீர்னு ஒண்ணு மூஞ்சிக்கு நேரா வந்து கத்தும்!’ என்பார்கள். சொல்லும்போதே கண் விரியும்.

மன்னிக்கவும். இதற்குப் பெயர் பயம் இல்லை. பின்னால் வந்து ‘பே!’ என்று கத்தினால் யாருக்கும் தூக்கிவாரிப் போடும். எல்.கே.ஜி. பையன் தினம் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இதைத்தான் செய்கிறான். அவனுக்குச் சம்பளம் ஒரு முறைப்பு. அதையே செய்ய ஒரு கம்பெனி, இருநூறு இன்ஜினீயர்கள், ஆயிரக்கணக்கில் விலை என்றால் ஏமாறுவது நாம்தான்.

தூக்கிவாரிப் போடுவது உடம்பின் வேலை. ஒரு விநாடியில் முடிந்துவிடும். அடுத்த விநாடி சிரிப்பு வரும். பயம் மனசின் வேலை. அது ஒன்றும் நடக்காதபோது வருவது. இந்த வித்தியாசம் தெரியாமல் நாம் முப்பது வருஷமாகப் பேய்ப் படம் எடுக்கிறோம், இப்போது பேய் கேமும் பண்ணக் கிளம்பியிருக்கிறோம். அதனால்தான் இந்த வாரம் சண்டை.

முதலில் ஒரு இடத்துக்குப் போகலாம். கோடைக்கானலுக்குப் போய் ஏரியில் படகு விட்டு, பில்லர் ராக்ஸில் போட்டோ எடுத்து, சாக்லேட் வாங்கிக்கொண்டு இறங்குகிறவர்கள் நாயுடுபுரத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். வில்பட்டி பஸ்ஸில் போயிருந்தால் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கலாம். கடைகள், வீடுகள், ஏறி இறங்கும் சந்துகள். ஊர்க்காரர்கள் வாழ்கிற கோடைக்கானல். கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி.

டிசம்பர் மாதம், சாயங்காலம் ஏழு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கடையில் பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு மேட்டுச் சந்தில் ஏறுகிறீர்கள். மேகம் இறங்கி சந்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. கரண்ட் போகிறது. செல்போனில் நாலு சதவிகிதம் சார்ஜ். டார்ச் போட்டால் வெளிச்சம் மூடுபனியில் பட்டு உங்கள் முகத்துக்கே திரும்பி வருகிறது. அணைத்தால்தான் கொஞ்சமாவது தெரிகிறது. வீட்டுக்கு இன்னும் அறுபது படி.

மேலே எங்கோ ஒரு மூச்சுச் சத்தம். புஸ்.

கோடைக்கானல்காரர்களுக்கு இது என்ன என்று உடனே தெரியும். காட்டு மாடு. வளர்ந்த ஆண் என்றால் ஆயிரம் கிலோ வரை இருக்கும். பல வருஷங்களாக டவுனுக்குள், தோட்டங்களில், தெரு முனையில் சாவகாசமாக வந்து நிற்கிறது. சில சமயம் மனிதர்களை முட்டித் தூக்கியும் எறிந்திருக்கிறது. அது உங்களுக்கு முன்னால் இருக்கிறதா, பக்கத்து வேலிக்கு உள்ளே இருக்கிறதா என்று தெரியாது. ஓடக் கூடாது, கத்தக் கூடாது, முகத்தில் வெளிச்சம் அடிக்கக் கூடாது. உங்களிடம் இருப்பது அரை லிட்டர் பாலும் நாலு சதவிகிதமும். நிற்பதா, ஏறுவதா, திரும்பிக் கடைக்கே போவதா?

இந்த ஒரு நிமிஷத்தில் எல்லாம் இருக்கிறது. பார்வை குறைவு. காது கூர்மை. கையிருப்பு சொற்பம். எதிரி உங்களைவிடப் பலசாலி. நீங்கள் ஹீரோ இல்லை, பால் வாங்க வந்தவர். முடிவெடுக்க வேண்டியதும் நீங்கள்தான். ஒரு நல்ல சர்வைவல் ஹாரர் கேமின் முழு சூத்திரமும் இதுதான். இதில் எங்கேயாவது வெள்ளைப் புடவையும் தலைவிரி கோலமும் வருகிறதா பாருங்கள்.

‘சர்வைவல் ஹாரர்’ என்ற பெயரைப் பிரபலமாக்கியது ஜப்பானின் கேப்காம் நிறுவனம். 1996-ல் ஷின்ஜி மிகாமி இயக்கத்தில் வந்த ‘ரெசிடென்ட் ஈவில்’. ஜப்பானில் அதன் பெயர் ‘பயோஹசார்ட்’. அதற்கு முன்னோடிகள் உண்டு. 1989-ல் அதே கம்பெனி செய்த ‘ஸ்வீட் ஹோம்’, 1992-ல் பிரான்சிலிருந்து வந்த ‘அலோன் இன் த டார்க்’. ஆனால் மிகாமியின் மாளிகைதான் உலகத்தைப் பயமுறுத்தியது. காரணம் அதிலுள்ள பிணங்கள் இல்லை, கணக்கு.

ஆமாம், கணக்கு. ஜில் என்ற பெண்ணாக ஆடினால் எட்டுப் பொருள் வைத்துக்கொள்ளலாம். கிறிஸ் என்ற ஆணாக ஆடினால் ஆறுதான். துப்பாக்கி ஒன்று, குண்டு ஒன்று, மருந்துச் செடி ஒன்று, சாவி இரண்டு... பை நிரம்பிவிட்டது. எதிரே இன்னொரு சாவி கிடக்கிறது. எதைக் கீழே போடுவது? ஆட்டத்தைச் சேமித்து வைக்க ஒரு டைப்ரைட்டர், அதற்கு இங்க் ரிப்பன். ரிப்பனும் அளவாகத்தான் கிடைக்கும். இப்போதே சேமிப்பதா, இன்னும் கொஞ்ச தூரம் போய்ச் சேமிப்பதா? தாழ்வாரத்தில் நிற்கிற பிணத்தைச் சுட்டால் குண்டு போச்சு. சுடாமல் விட்டால் ஒவ்வொரு தடவையும் அந்த வழியாகப் போகும்போது அது அங்கே இருக்கும்.

மாதக் கடைசி வாரத்தைப் பார்த்த எந்த நடுத்தரக் குடும்பத்துக்கும் இந்தப் பயம் புதிதில்லை. சிலிண்டர் இன்னும் எத்தனை நாள் வரும் என்று தூக்கிப் பார்க்கிற அம்மாவின் முகத்தில் இருப்பது இதே உணர்ச்சி. பற்றாக்குறைதான் பயத்தின் பெற்றோர். ஆயிரம் குண்டும் ராக்கெட் லாஞ்சரும் கொடுத்துவிட்டு ‘பயப்படு’ என்றால் யார் பயப்படுவார்கள்? பேய்தான் பயப்படும். இதைக் கேப்காமே ஒரு கட்டத்தில் மறந்துபோய், 2012-ல் ஆறாவது பாகத்தை ஹாலிவுட் மசாலாவாக எடுத்து விமர்சகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. அப்புறம் புத்தி வந்து, 2017-ல் ஏழாவது பாகத்தில் மறுபடியும் ஒரே ஒரு வீட்டுக்குள் ஆட்டக்காரரை அடைத்தது. பயம் திரும்பி வந்தது.

அடுத்தது மூடுபனி. 1999-ல் கொனாமி நிறுவனத்தின் ‘சைலன்ட் ஹில்’. அந்தக் காலத்து பிளேஸ்டேஷனுக்கு இருந்த பிரதான மெமரி வெறும் 2 எம்.பி.  முழு ஊரையும் தூரம் வரை வரைந்து காட்ட அந்த மெஷினால் முடியாது. என்ன செய்தார்கள்? ஊர் மேல் மூடுபனியை இறக்கிவிட்டார்கள். நாலடி தள்ளி எல்லாம் வெள்ளை. குறையை மறைக்கப் போட்ட போர்வையே அந்த ஆட்டத்தின் ஆத்மாவாகிவிட்டது.

இதற்குச் சாட்சி வேண்டுமா? 2012-ல் இதன் இரண்டாம் பாகத்தையும் மூன்றாம் பாகத்தையும் தூசு தட்டி, பளபளப்பான ஹெச்.டி.யில் மறுபடி வெளியிட்டார்கள். மூடுபனி மெலிந்துவிட்டது. முன்பு மறைந்திருந்த, முடிக்காமல் விட்ட ஓரங்களெல்லாம் தெரிந்தன. ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். தெளிவாகத் தெரிந்ததுதான் குற்றம்! தெளிவு விற்கிற டி.வி. கடைக்காரர்களுக்கு இது புரியாது. நாயுடுபுரத்துப் பாட்டிக்குப் புரியும். மூடுபனி எதையும் மறைப்பதில்லை, உங்களிடமே வரையச் சொல்கிறது. நீங்கள் வரைவதைவிடப் பயங்கரமாக எந்தக் கம்ப்யூட்டராலும் வரைய முடியாது. உங்கள் பயம் என்ன என்று உங்களுக்குத்தானே தெரியும்.

அந்த ஆட்டத்தின் நாயகன் ஹாரி மேசன் போலீஸ் இல்லை, ராணுவம் இல்லை. எழுத்தாளர். (நியாயமான தேர்வு. எங்களைவிட உதவாத பிராணி கிடையாது.) கொஞ்சம் ஓடினால் மூச்சு வாங்குகிறது, சுட்டால் குறி தவறுகிறது. தொலைந்துபோன மகளைத் தேடுகிறார். கையில் ஒரு உடைந்த ரேடியோ. எதிரில் ஏதாவது வந்தால் அது கரகரக்கும். எங்கிருந்து வருகிறது என்று சொல்லாது, வருகிறது என்று மட்டும் சொல்லும். பாதித் தகவல். முழுத் தகவல் தைரியம் கொடுக்கும். தகவலே இல்லாவிட்டால் அலட்சியம் வரும். பாதித் தகவல்தான் ஆளைக் கொல்லும். ஆஸ்பத்திரி வராந்தாவில், ‘டாக்டர் உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்னார்’ என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போகும் அந்த ஐந்து நிமிஷத்தை நினைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் ஜப்பான்காரன் கண்டுபிடிப்பு என்று கைதட்டாதீர்கள். நம் பாட்டிகள் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். ராத்திரி வெளியே யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தடவை கூப்பிடும்வரை பதில் சொல்லாதே. புளியமரத்தடியில் படுக்காதே. சுண்ணாம்பு கேட்டால் கையால் கொடுக்காதே. திரும்பிப் பார்க்காமல் வா. இவற்றைக் கவனியுங்கள். எதிலும் பேய் எப்படி இருக்கும் என்ற வர்ணனை இல்லை. எல்லாம் விதிமுறைகள். நீ என்ன செய்ய வேண்டும், செய்யக் கூடாது என்பதுதான். பாட்டி கதை சொல்லவில்லை சார், கேம் டிசைன் பண்ணிக்கொண்டிருந்தாள். முதல் குரல் கேட்டதற்கும் இரண்டாவது குரல் கேட்பதற்கும் நடுவில் இருக்கிற மௌனத்தில் எத்தனை தலைமுறை உறைந்து போயிருக்கிறது!

அந்தப் பாட்டியின் பேரன்கள் நாம் என்ன செய்தோம்? பேயைக் காமெடியன் ஆக்கினோம். 2007-ல் ‘முனி’, 2011-ல் ‘காஞ்சனா’, 2014-ல் ‘அரண்மனை’, அப்புறம் அவற்றின் வால்கள். இவை ஓடின, மறுக்கவில்லை. குடும்பத்தோடு போய்ச் சிரித்துவிட்டு வந்தோம். ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை டமால் என்று ஆர்கெஸ்ட்ரா அலறினால் அது பொருட்காட்சிப் பேய் வீடு. டிக்கெட் வாங்கி உள்ளே போனால் ஒரு பையன் எலும்புக்கூடு பனியன் போட்டுக்கொண்டு காலைப் பிடிப்பான். வெளியே வந்து டெல்லி அப்பளம் சாப்பிடலாம்.

இதே கோடைக்கானலில் இன்னொரு உதாரணமும் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் ‘டெவில்ஸ் கிச்சன்’ என்று பெயர் வைத்த குகை, 1991-ல் கமலின் படம் வந்த பிறகு ‘குணா குகை’ ஆனது. 2006-ல் கேரளத்து மஞ்ஞும்மலிலிருந்து வந்த நண்பர் கூட்டத்தில் ஒருவர் அங்கே குழிக்குள் விழுந்தார். நண்பர் ஒருவர் கயிறு கட்டி இறங்கி அவரை மீட்டார். 2024-ல் இது ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படமாக வந்து தமிழ்நாட்டிலும் சக்கைப் போடு போட்டது. அதில் பேயே கிடையாது. ஒரு குழி, இருட்டு, மழைத் தண்ணீர், கீழேயிருந்து பதில் வருமா என்று காத்திருக்கும் மேலேயுள்ள முகங்கள். தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆக, நம் ஜனங்களுக்கு நிஜப் பயம் பிடிக்காது என்று சொல்லும் தயாரிப்பாளர்கள் பொய் சொல்கிறார்கள். அவர்களுக்குக் காத்திருக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சரி, இவ்வளவு கஷ்டப்பட்டுப் பயப்படுவதில் என்ன லாபம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

ரெசிடென்ட் ஈவிலில் ஒரு அறை வரும். உள்ளே போனால் எதிரிகள் வரமாட்டார்கள். டைப்ரைட்டர், ஒரு பெட்டி, மெல்லிசாக ஒரு இசை. ஒன்றுமே நடக்காத அறை. ஆனால் அந்த ஆட்டம் ஆடிய யாரைக் கேட்டாலும் அந்த இசையைச் சொல்லும்போது குரல் இளகும். மூடுபனியில் அறுபது படி ஏறி வீட்டுக் கதவைத் தாழிட்டு, அடுப்பில் பாலை வைக்கும்போது கிடைக்கும் அந்தச் சூடு இருக்கிறதே, அதை எந்த ரிசார்ட்டும் விற்க முடியாது. நிம்மதி என்பது பயத்தின் மறுபக்கம். பயத்தை மலிவாகக் கொடுத்தால் நிம்மதியும் மலிவாகத்தான் இருக்கும். நல்ல ஆட்டத்தில் நீங்கள் ஜெயிப்பது ஆயுதத்தால் இல்லை. கவனத்தால், பொறுமையால், எதை விட்டுவிட்டு ஓடலாம் என்ற விவேகத்தால். 2010-ல் வந்த ‘அம்னீஷியா’வில் ஆயுதமே கிடையாது. விளக்கும் கொஞ்சம் எண்ணெயும்தான். இருட்டில் அதிக நேரம் நின்றால் நாயகனுக்குப் புத்தி பேதலிக்கும். எண்ணெயை எங்கே செலவழிப்பது என்பதுதான் வீரம். 2014-ல் வந்த ‘ஏலியன்: ஐசொலேஷ’னில் ஆட்டத்தைச் சேமிக்கவே சில விநாடிகள் பிடிக்கும். சேமிக்கும்போதே அந்த ஜந்து வந்து உங்களைக் கொல்லலாம். நிம்மதிக்கும் விலை உண்டு என்கிறது.

இந்த இடத்தில் அப்பாக்கள் எழுந்து நிற்பார்கள். ‘ஊர்ல கேம் ஆடி எத்தனை பேர் கெட்டுப்போறாங்க, நீங்க இதுக்கு வக்காலத்தா?’

அப்பாக்களே, உட்காருங்கள். நீங்கள் சொல்வது ரம்மி. பணம் வைத்து ஆடும் ஆட்டம். தமிழ்நாட்டில் அதில் பணத்தையும் உயிரையும் தொலைத்த செய்திகள் வந்து வந்து, 2022-ல் நம் சட்டமன்றம் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்து நாடாளுமன்றமும் சட்டம் நிறைவேற்றியது. சரியான காரியம். ஆனால் அதையும் இதையும் ‘கேம்’ என்று ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். ரம்மிக்கு முடிவு கிடையாது, உங்கள் பாக்கெட் காலியாவதுதான் முடிவு. அது உங்களுக்குப் பயமே வராமல் பார்த்துக்கொள்கிறது. ‘இன்னும் ஒரே ஆட்டம்’ என்று முதுகில் தட்டுகிறது. பயப்பட வேண்டிய இடத்தில் பயத்தைத் திருடுகிற ஆட்டம் அது. நல்ல பேய் கேம் இதற்கு நேர் எதிர். பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஆடினால் கதை முடிந்துவிடும். கையில் இருப்பதை எண்ணிப் பார், அகலக் கால் வைக்காதே, திரும்பி வர வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள் என்று சொல்லிக்கொடுக்கும். பத்து வயதுப் பையனிடம் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இவற்றில் பெரும்பாலானவற்றின் அட்டையிலேயே 17 அல்லது 18 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கும். படியுங்கள். வளர்ந்தவர்களுக்கான கலையை வளர்ந்தவர்கள் ரசிப்பதில் தப்பில்லை.

கடைசியாக முக்கியமான விஷயம். நல்ல பேய் கேமில் எப்போதும் ஒரு கேள்வி இருக்கும்: இந்த ஊருக்கு இப்படி ஆக்கியது யார்? ரெசிடென்ட் ஈவிலில் பிணங்கள் நடமாடக் காரணம் சாபம் இல்லை. ‘அம்ப்ரெல்லா’ என்ற மருந்துக் கம்பெனி. மலையடிவாரத்து ஊர் ஒன்றில் யாருக்கும் தெரியாமல் ஆராய்ச்சி செய்கிறது. நாயகன் அறை அறையாகப் போய்ப் பழைய கடிதங்களையும் டைரிகளையும் படித்து உண்மையைக் கோக்கிறான். அதுதான் ஆட்டம்.

கற்பனை என்கிறீர்களா? கோடைக்கானலிலேயே பாம்பார் சோலைக்கு மேலே ஒரு தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. 1980-களில் அமெரிக்காவின் வாட்டர்டவுனில் மூடிவிட்டு இங்கே கொண்டுவந்து வைத்தது. பிறகு இந்துஸ்தான் லீவரிடம் வந்தது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி ஊருக்குள் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடந்ததைத் தொழிலாளர்களும் சூழல் ஆர்வலர்களும் வெளியே கொண்டுவந்த பிறகு, 2001-ல் ஆலை மூடப்பட்டது. பாதரச ஆவிக்கு நிறமில்லை, வாசனையில்லை. மூடுபனியில்கூட ஏதோ இருக்கிறது என்று தெரியும். இதில் அதுவும் தெரியாது. தங்கள் உடம்புக்கு நேர்ந்ததற்கு அதுதான் காரணம் என்று தொழிலாளர்கள் சொன்னார்கள், நிறுவனம் மறுத்தது. 2015-ல் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப் ஒரு ராப் பாட்டில் இதைப் பாடி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார். 2016-ல்தான் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. மூடியதிலிருந்து பதினைந்து வருஷம்!

சொல்லுங்கள், இதைவிடப் பெரிய திகில் கதை எந்த ஜப்பான்காரனிடம் இருக்கிறது? நாமோ அதே ஊரை டூயட் பாடவும் தேனிலவுக்கும் மட்டும் வைத்திருக்கிறோம். பயப்பட வேண்டியதற்குப் பயப்படத் தெரியாத சமூகம், பஞ்சுப் பேய்க்குக் கத்திவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கும். கண்ணுக்குத் தெரியாததைக் கவனி, சின்னச் சத்தத்துக்குக் காது கொடு, கடிதத்தைப் படி, கேள்வி கேள் என்று பழக்குகிற கலை அதற்கு வேண்டும். எனக்கு இந்த ஆட்டங்கள் பிடிப்பதற்கு அதுதான் காரணம்.

நம்மால் முடியுமா என்று இழுக்காதீர்கள். 2023-ல் ‘வெண்பா’ என்று ஒரு கேம் வந்தது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பு, இட்லி, புட்டு. டொராண்டோவில் ஒரு சின்ன குழு செய்தது. 2024-ல் பிரிட்டிஷ் அகாடமியின் சிறந்த அறிமுக கேம் விருதை வாங்கியது. பாதி அழிந்த குறிப்பை வைத்துக்கொண்டு இட்லி சுடுவதை உலகமே ஆடுகிறது என்றால், நம் மூடுபனியையும் நம் பாட்டியின் மூன்றாவது குரலையும் ஆடாதா?

ஆகவே, கம்ப்யூட்டர் படித்துவிட்டு பேய் கேம் செய்யப்போகும் தம்பி தங்கைகளே, இரண்டே வேண்டுகோள். கத்துகிற பேயை முதலில் டெலீட் பண்ணுங்கள். பிறகு, நாயுடுபுரம் சந்தில் கரண்ட் போன ஒரு ராத்திரி சும்மா நின்று பாருங்கள்.

காட்டு மாடு வந்தால் வழி விடுங்கள்.